ஊடுகதிர் ஆராய்ச்சியும் மேற்கோட் கணக்கும் – ஒரு வரலாற்று நோக்கு

கண்டி மாநகரிலிருந்து தென்கிழக்கு நோக்கி மலையேறிச் செல்வோர் ஹேவாஹெட்டப் பிரதேசத்தை அடைவர். இப்பிரதேசத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் லூல்கந்துரத் தோட்டத்தைக் குறிப்பிடாது செல்லல் இயலாது. 1852 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் ரெயிலர், 1867 ஆம் ஆண்டில் அத்தோட்டத்தின் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 ஆம் ஆண்டில் கோப்பிச் செடிகளிலே இலைநோய் தோன்றிப் பின்வந்த ஆண்டுகளில் அப்பயிர்ச்செய்கை முழுவதையும் அழித்தபோது, நாட்டின் பொருளாதாரத்திற்கு வழிகாட்டியாய் நின்றது அந்தப் 19 ஏக்கர் நிலமே. ஆயினும், இன்று உலகெங்கும் இலங்கைத் தேநீரை அருந்துவோருள் லூல்கந்துர என்னும் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. 1892 இல் மறைந்த ரெயிலருக்காவது கண்டி மஹியாவை மயானத்தில் ஒரு கல்லறை உண்டு. அவருடன் நின்று காடு வெட்டி, நிலம் திருத்தி, கன்று நட்ட தமிழ்த் தொழிலாளரைப் பெயர் சொல்லி நினைவுகூர்வார் இல்லை. பயனைப் பெறுவோர் பலராகவும், பயனுக்கு மூலமானவரை அறிவோர் சிலராகவும் இருத்தல் உலகியல்பு போலும்.

அறிவுலகம் இக்குறையை ஓரளவு நீக்குதற்கு ஒரு வழியைக் கண்டது. முன்னையோர் கூறியதை எடுத்தாளும் ஆய்வாளர், அஃது இன்னார் கூறியது எனச் சுட்டிச் செல்லும் மரபே அவ்வழியாகும். அதனையே நாம் மேற்கோள் என்கின்றோம். மேற்கோள், பட்ட கடனை ஒப்புக்கொள்ளும் செயல். ஆனால் கடந்த அரை நூற்றாண்டிற்கு மேலாக அச்செயலே எண்ணிக் கணக்கிடப்படும் பொருளாக மாறியுள்ளது. ஊடுகதிர்த்துறை வைத்திய நிபுணர் ஒருவர் எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவை எத்தனை முறை பிறரால் மேற்கோளாகக் காட்டப்பட்டன என்பன இலக்கங்களாகத் தரப்படுகின்றன. பதவியுயர்வும் ஆராய்ச்சி நிதியும் அவ்விலக்கங்களைப் பார்த்து வழங்கப்படுகின்றன. அவ்விலக்கம் ஆய்வாளரின் பணியை உண்மையாகக் காட்டுகின்றதா என்பதே ஈண்டு எழும் வினா. இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஊடுகதிர்த்துறையின் வரலாற்றினும் பொருத்தமான களம் வேறில்லை எனலாம்.

மேற்கோளின் அருமையைத் தமிழறிந்தோருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் தம் இலக்கணத்தில் முன்னைப் புலவர் இவ்வாறு கூறுவர் என்று பலவிடத்தும் சுட்டிச் செல்கின்றார். அப்புலவர் யாவர் என்பதை நாம் அறியோம். கடன் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது, கடன் கொடுத்தவர் பெயரோ மறைந்துவிட்டது. உரையாசிரியர் காலத்தில் நிலை சற்று மாறுகின்றது. யாப்பருங்கல விருத்தியுரை போன்ற உரைகளில் எடுத்துக் காட்டப்பட்ட நூல்கள் பல, இன்று முழுமையாகக் கிடைப்பனவல்ல. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1959 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் நூல் இத்தகைய செய்திகளைத் திரட்டித் தந்தது. ஒரே ஒருமுறை காட்டப்பட்ட மேற்கோள் ஒரு நூலின் பெயரை முற்றாக அழியாது காத்தமையை அங்கு காண்கின்றோம். அந்நூலின் மதிப்பை ஒன்று என்னும் இலக்கத்தால் அளக்க எவரும் துணியார். எண்ணிக்கை வேறு, பெறுமதி வேறு என்பதற்கு நம் இலக்கிய வரலாறே முதற்சான்று.

இனி, எண்ணும் வழக்கம் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1873 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிராங்க் செப்பேட் என்பவர், ஒரு நீதிமன்றத் தீர்ப்பு பின்னைய தீர்ப்புகளில் எவ்வாறு எடுத்தாளப்பட்டது என்பதைக் காட்டும் அட்டவணைகளை வழக்கறிஞர்களின் பயன் கருதி வெளியிடத் தொடங்கினார். 1927 இல் குறோஸ் என்னும் பெயருடைய இருவர், கல்லூரி நூலகமொன்று எந்த இரசாயனவியற் சஞ்சிகைகளை வாங்குதல் தகும் என அறிவதற்காக ஒரு சஞ்சிகையின் மேற்கோள்களை எண்ணிப் பார்த்தனர். நூலகப் பணிகளைக் கணித முறையால் ஆராய வேண்டும் என்னும் கருத்தை 1948 இல் இங்கிலாந்தில் நடைபெற்ற மாநாடொன்றில் முன்வைத்தவர், சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் ஆவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த அவர், 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பை ஏற்றவர். நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931 இல் நூலாக்கியவர். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் உளன் என்னும் கருத்து அவ்விதிகளுள் ஒன்று. இக்கருத்தைப் பின்னர் மீண்டும் நினைவுகொள்வோம்.

1955 இல் யூஜின் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர் விஞ்ஞானத்துக்கென ஒரு மேற்கோட் சுட்டி வேண்டும் என்று எழுதினார். அவர் நிறுவனம் வெளியிட்ட முதற் சுட்டி, 1961 ஆம் ஆண்டுக்குரிய 613 சஞ்சிகைகளை உள்ளடக்கியது. 1964 முதல் அது முறையாக வெளிவரலாயிற்று. அதன் முதல் நோக்கம் தேடுதலேயன்றி மதிப்பிடுதல் அன்று. பழைய கட்டுரையொன்றை அறிந்த ஒருவர், அதனைப் பின்னர் எடுத்தாண்டோர் யாவர் எனக் கண்டு, தம் துறையின் வளர்ச்சியை அறிய உதவுவதே அதன் பயன். தேடுவதற்குச் செய்த கருவி காலப்போக்கில் எடை போடும் தராசாயிற்று. சஞ்சிகையொன்றில் முன்னைய இரண்டாண்டுகளில் வெளியான கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள்களைப் பெற்றன என்பது அச்சஞ்சிகையின் ‘தாக்கக் காரணி’ எனப்பட்டது. 2005 இல் ஹிர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் தனிமனிதருக்கும் ஓர் எண்ணை வகுத்தார். ஒருவர் எழுதிய கட்டுரைகளுள் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 10 மேற்கோள்களையேனும் பெற்றிருப்பின் அவருடைய எண் 10. 20 கட்டுரைகள் அவ்வாறு 20 மேற்கோள்களையேனும் பெற்றிருப்பின் 20. ஆய்வாளர் ஒருவரின் வாழ்நாட் பணி ஓர் இலக்கத்துள் அடங்கிற்று.

இத்தராசில் ஊடுகதிர்த்துறையின் தலைசிறந்த சாதனையை நிறுத்திப் பார்ப்போம். 1895 நவம்பர் மாதத்தில் றொன்ஜன் கண்டறிந்த கதிர்கள், உடலின் உள்ளுறுப்புகளைக் கத்தியின்றிக் காணும் வாய்ப்பை வைத்தியருக்கு அளித்தன. 1901 இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது. ஆயினும் ஊடுகதிர்ப் படம் என்பது ஒரு நிழலே. முன்னுள்ளதும் பின்னுள்ளதும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து விடுகின்றன. கனத்த என்பினால் மூடப்பட்ட மூளையின் மென்மையான பகுதிகளை அந்நிழல் வேறுபடுத்திக் காட்டவில்லை. ஒரு திசையிலிருந்து விழும் நிழலைக் கொண்டு பொருளின் உட்கூறை அறிதல் அரிது. பல திசைகளிலிருந்தும் நிழல்களைப் பெற்றால் அவற்றிலிருந்து பொருளை மீட்டுருவாக்கலாமா என்பதே அடுத்து எழுந்த வினா.

அவ்வினா முறையாக எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே அதற்குரிய கணித விடை அச்சேறியிருந்தது. ஒஸ்திரியக் கணிதவியலாளர் யோகான் ராடோன் 1917 ஆம் ஆண்டில் ஜேர்மன் மொழியில், லைப்சிக் நகரத்து விஞ்ஞானக் கழகமொன்றின் ஏட்டில் அதனை வெளியிட்டார். அதனை வைத்தியத்துறையினர் எவரும் படித்திலர். அவரும் வைத்தியத்தைக் கருதி அதனை எழுதியவரல்லர். 1956 இல் அவர் இறந்தபோது, தம் சூத்திரம் நோயாளரின் உயிரைக் காக்கும் கருவியொன்றின் உள்ளீடாகப்போவதை அறிந்திருக்க வழியில்லை.

அதே 1956 ஆம் ஆண்டில், தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகரில் அலன் கோர்மாக் என்னும் இளம் விரிவுரையாளர் வைத்தியசாலையொன்றில் பகுதிநேரப் பௌதிகவியலாளராகச் சில மாதங்கள் பணியாற்ற நேர்ந்தது. கதிர்ச் சிகிச்சை அளிப்போர், உடலின் எல்லாப் பகுதிகளும் கதிர்களை ஒரே அளவில் உறிஞ்சுவன போலக் கருதிக் கணக்கிடுவதை அவர் கண்டார். உடலுக்குள் ஒவ்வோரிடமும் எவ்வளவு உறிஞ்சுகின்றது என்பதை வெளியிலிருந்தே அளந்தறிய முடியுமா என அவர் சிந்தித்தார். ராடோனின் கட்டுரையை அறியாத அவர், விடையைத் தாமே முயன்று கண்டு, அமெரிக்கா சென்றபின் 1963, 1964 ஆம் ஆண்டுகளில் இரு கட்டுரைகளாக வெளியிட்டார். அவற்றுக்கு ஏறத்தாழ எத்தகைய எதிரொலியும் எழவில்லை. கட்டுரைப் பிரதி கேட்டு வந்த கடிதங்களுள் சுவையானது, சுவிற்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது என அவர் பின்னர் நோபல் சொற்பொழிவில் நினைவுகூர்ந்தார். மலையில் உறைந்த பனியை அளக்க அம்முறை பயன்படுமோ என அவர்கள் எண்ணினர் போலும். வைத்திய உலகம் வாளாவிருந்தது. 1958 இல் கீவ் நகரத்தில் மூவர் இதே துறையில் ருஷ்ய மொழியில் எழுதியவையும் மேலைநாட்டாரின் கவனத்துக்கு உரிய காலத்தில் எட்டவில்லை.

இறுதியிற் கருவியை ஆக்கியவர், பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவரல்லர். இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளரான கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட், கோர்மாக்கின் கட்டுரைகளை அறியாமலேயே தம் வழியில் முயன்றார். அவருடைய முதற் கருவி தலையைச் சுற்றிப் பாகை பாகையாக 180 முறை திரும்பி, ஒவ்வொரு முறையும் 160 அளவுகளை எடுத்தது. இவ்வாறு பெற்ற 28,800 அளவுகளிலிருந்து 80க்கு 80 கட்டங்கள் கொண்ட குறுக்குவெட்டுப் படத்தைக் கணினி வரைந்தது. 1971 ஒக்டோபர் 1 ஆந் தேதி, விம்பிள்டனில் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், மூளையிற் கட்டி இருப்பதாக ஐயுறப்பட்ட பெண்ணொருவர் முதன்முதலாக அக்கருவியில் வைத்துப் பார்க்கப்பட்டார். ஐயம் உறுதியாயிற்று.

ஈண்டுக் குறிப்பிடத்தக்கவர், அவ்வைத்தியசாலையின் ஊடுகதிர் நிபுணர் ஜேம்ஸ் அம்புறோஸ் ஆவர். பிறர் நம்பத் தயங்கிய பொறியியலாளரின் கருத்துக்குச் செவிகொடுத்தவர் அவர். தகுந்த நோயாளியைத் தெரிந்தெடுத்து, படத்திற் கண்டது யாது எனப் பொருள் கூறியவரும் அவரே. 1973 இல் வெளியான முதற் கட்டுரைத் தொடரில், கருவி பற்றிய பகுதி ஹவுன்ஸ்பீல்டினதாகவும், வைத்தியப் பயன் பற்றிய பகுதி அம்புறோஸினதாகவும் அமைந்தன. 1979 ஆம் ஆண்டு வைத்தியத்துக்கான நோபல் பரிசு கோர்மாக்குக்கும் ஹவுன்ஸ்பீல்டுக்கும் வழங்கப்பட்டது. இருவரும் கலாநிதிப் பட்டம் பெற்றவரல்லர் என்பது கருதத்தக்கது. ஊடுகதிர் நிபுணர் அப்பரிசிற் பங்கு பெறவில்லை.

இவ்வரலாற்றில் நம்மவருக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. சி. வி. இராமனின் மாணவரான ஜி. என். இராமச்சந்திரன் 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் பேராசிரியரானார். கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கோபிநாத் கர்த்தாவுடன் கூடி 1954 இல் வெளியிட்டார். புரதங்களின் அமைப்பு எவ்வாறு இருத்தல் கூடும் எனக் காட்டும் வரைபடத்தை 1963 இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கூடி வகுத்தார். இவையெல்லாம் ஊடுகதிர்கள் பளிங்குகளிலும் இழைகளிலும் பட்டுச் சிதறும் இயல்பை ஆராய்ந்த பள்ளியின் பயன்கள். சென்னையை விட்டுப் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்துக்குச் சென்ற காலத்தில், 1971 இல், அவர் நிழல்களிலிருந்து பொருளை மீட்டல் என்னும் கருத்துடைய தலைப்பில் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து எழுதிய கட்டுரை அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது.

அக்கட்டுரையின் பயனைச் சிறிது விளக்குதல் வேண்டும். பல திசைகளிற் பெற்ற நிழல்களை அவ்வவற்றின் திசையிலேயே திரும்பப் பரப்பிக் கூட்டினால் உருவம் தோன்றும்; ஆனால் அது மங்கிக் கலங்கியிருக்கும். கலக்கத்தை நீக்குதற்கு ஃபூரியே முறையில் நீண்ட கணிப்புகள் வேண்டியிருந்தன. அக்காலக் கணினிகளுக்கு அவை பெருஞ்சுமை. இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும், ஒவ்வொரு நிழலையும் எளிய பெருக்கல், கூட்டல் முறையால் முதலிலே திருத்திவிட்டுப் பின்னர் பரப்பினாற் போதும் எனக் காட்டினர். கணிப்பு நேரம் பெரிதும் குறைந்தது; படமும் தெளிந்தது. வானொலி வானியலில் இதனையொத்த முறையைப் பிறேஸ்வெல், றிடில் ஆகியோர் 1967 இலேயே வெளியிட்டிருந்தனர் என்பதையும் நடுநிலை கருதிக் கூறுதல் வேண்டும். துறைகளுக்கிடையே எழுந்த சுவர், அதனையும் வைத்தியத்துக்கு அப்பால் நிறுத்திவிட்டது. பின்னாளில் எழுந்த சி.ரி. கருவிகள் இத்திருத்த முறையைப் பரவலாகக் கைக்கொண்டன. இவ்விருவர் வகுத்த திருத்தி, அவர்தம் பெயர்களின் முதற்பகுதிகளைச் சேர்த்து ‘ராம்-லாக்’ என்று வழங்கலாயிற்று.

பெயர் நிலைத்ததே, இதனினும் பெருமை வேறுண்டோ என்று கேட்கலாம். ஆனால் அப்பெயரை வழங்குவோர் பலர் மூலக் கட்டுரையைச் சுட்டுவதில்லை. ‘ராம்-லாக்’ என்பது இரு மனிதரைக் குறிப்பது என்பதையே அறியாதோரும் உளர். ஹவுன்ஸ்பீல்டின் பெயரும் அவ்வாறே அலகாயிற்று. நீருக்குச் சுழியம், காற்றுக்கு எதிர் 1000 என்னும் அவ்வளவுகோலை நாள்தோறும் எழுதும் வைத்தியர் 1973 ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டுவாரல்லர். ஒரு கருத்து அனைவரின் பொதுவுடைமையானதும் அதன் மூலம் சுட்டப்படாது மறைந்துபோதலைச் சமூகவியலாளர் றொபேட் மேற்றன் எடுத்துக்காட்டினார். பெரும் பயன் விளைத்த கருத்துக்கே இந்நிலை நேரும். கடன் மிகப் பெரிதாகும்போது அதனைக் கணக்கில் எழுதுவோர் இல்லாது போகின்றனர்.

மேற்கூறிய வரலாற்றை இன்றைய அளவுகோல்களால் அளந்தால் யாது தோன்றும்? இரண்டாண்டுத் தாக்கக் காரணி, 1963 ஆம் ஆண்டுக் கட்டுரையை 1965 இல் மூடிவிட்டிருக்கும். அக்கட்டுரையின் பயனோ 1971 க்குப் பின்னரே வெளிப்பட்டது. ராடோனின் கட்டுரைக்கு அரை நூற்றாண்டிற்கு மேல் தேவைப்பட்டது. கோர்மாக் இத்துறையில் அக்காலத்தில் எழுதியவை இரண்டே. அவ்விரண்டையும் ஆயிரம் பேர் சுட்டினும் அவற்றால் அவர் பெறக்கூடிய ஹிர்ஷ் எண் 2 ஐத் தாண்டாது. ஒரே முடிவைப் பல கூறாக்கிப் பல கட்டுரைகளாக எழுதுபவரும், தம்முள் ஒருவரையொருவர் சுட்டிக்கொள்ளும் குழுவினரும் அவரினும் உயர்ந்தோராகத் தோன்றுவர்.

இதனால், மேற்கோள்களை எண்ணுதல் பயனற்றது என்று முடிவு கட்டுதல் தவறு. எண்ணிக்கை இல்லாதவிடத்து மதிப்பீடு செல்வாக்குடையோர் கையிற் சிக்கும். எவரும் அறியாத ஊரில் இருந்து எழுதும் ஒருவரின் கட்டுரையைப் பலர் படித்துப் பயன்கொண்டனர் எனக் காட்டுதற்கு எண்ணிக்கை துணைசெய்யும். அன்றியும், துறைகளைக் கடந்து தேடும் வசதி முன்னரே இருந்திருப்பின், கோர்மாக் ஏறத்தாழ 14 ஆண்டுகள் ராடோனை அறியாது இருந்திருக்க மாட்டார் எனக் கருத இடமுண்டு. ஆகவே குறை கருவியினது அன்று. அதனைப் பயன்படுத்தும் முறையினது. 2012 இல் சன்பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனமும், சஞ்சிகைகளின் தாக்கக் காரணியைக் கொண்டு தனிமனிதரின் பணியை மதிப்பிடலாகாது என்றே வற்புறுத்திற்று.

எண்ணிக்கையின் அடிப்படைக் குறை வேறொன்று. எழுதும் வாசகரை மட்டுமே அஃது அறியும். நூலுக்குரிய வாசகன் என இரங்கநாதன் கருதிய ஒருவன், படித்துப் பயன்கொண்டு மீண்டும் கட்டுரை எழுதாதிருப்பின், மேற்கோட் சுட்டியில் அவனுக்கு இடமில்லை. வைத்தியத்தில் அத்தகைய வாசகரே மிகப் பலர். ஹேவாஹெட்டத் தோட்டமொன்றில் சரிவில் விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மலைப்பாதையில் ஏற்றிவரப்பட்டுக் கண்டி வைத்தியசாலையில் அவர் சி.ரி. கருவியில் வைத்துப் பார்க்கப்படுகிறார். சில நிமிடங்களிற் படம் தோன்றுகிறது. ஊடுகதிர் நிபுணர் மூளைக்கும் என்புக்கும் இடையே குருதி உறைந்துள்ளதைக் கண்டு அறிக்கை எழுதுகிறார். சத்திரசிகிச்சை நிபுணர் அவ்வறிக்கையின்படி செயற்படுகிறார். ராடோனும் கோர்மாக்கும் ஹவுன்ஸ்பீல்டும் அம்புறோஸும் இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் அவ்வறையில் உள்ளனர். ஆனால் எவருடைய கணக்கிலும் அன்று ஒரு மேற்கோளும் கூடுவதில்லை.

அறிக்கை எழுதிய அந்நிபுணருக்கும் இதுவே பொருந்தும். அவர் ஓராண்டில் எழுதும் ஆயிரக்கணக்கான அறிக்கைகள் ஆராய்ச்சி வெளியீடுகளாக எண்ணப்படுவதில்லை. தம் பிரதேசத்தில் மிகுந்து காணப்படும் நோய்களைப் பற்றி உள்நாட்டுச் சஞ்சிகையில் அவர் எழுதும் கட்டுரை, இங்குள்ள வைத்தியர் நூறு பேருக்குப் பயன்படலாம். அந்நூறு பேரும் நோயாளரைக் கவனிப்போரேயன்றிக் கட்டுரை எழுதுவோரல்லர். அக்கட்டுரை பயன்படும், ஆனால் சுட்டப்படாது. வெளிநாட்டுச் சஞ்சிகை விரும்பும் பொருளைத் தெரிந்தெழுதினால் இலக்கம் உயரும். தம் மக்களுக்கு வேண்டிய பொருளை எழுதினால் இலக்கம் தாழும். இவ்விரண்டினுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுமாறு இளம் வைத்தியரை நெருக்கும் மதிப்பீட்டு முறை, நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஊறு விளைப்பதாகும். இஃது ஆய்வாளரின் பெருமை பற்றிய சிக்கல் மட்டுமன்று. எந்த நோய் ஆராயப்படும், எது ஆராயப்படாது விடப்படும் என்பது பற்றிய சிக்கலுமாகும்.

திருக்குறளில் செய்ந்நன்றி அறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுக்கப்பட்டுள்ளது. மேற்கோள் அவ்வறத்தின் அறிவுலக வடிவம். அதனை வெறும் நாணயமாக மாற்றுதல் அறமாகாது. ஊடுகதிர்த்துறையின் வரலாறு நமக்குக் கற்பிப்பதும் ஈதே. ஒரு திசையில் விழும் நிழல் பொருளைக் காட்டாது. பல திசைகளிலிருந்தும் நிழல்களைப் பெற்று, ஒவ்வொன்றையும் திருத்தி, ஒன்றுகூட்டினாலன்றி உட்கூறு விளங்காது. மேற்கோள் எண்ணிக்கை அத்தகைய நிழல்களுள் ஒன்று. கற்பித்த மாணவர், எழுதிய அறிக்கைகள், மாறிய சிகிச்சை முறைகள், மீண்டெழுந்த நோயாளர் என ஏனைய திசைகளும் உள. கண்டியிலும் பேராதனையிலும் ஆய்வாளரின் பணியை மதிப்பிடும் பொறுப்புடையோர் இத்திசைகளையெல்லாம் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கத் தவறின், ரெயிலரின் கல்லறையை மட்டும் கண்டு, லூல்கந்துரவில் 19 ஏக்கர் நிலத்தைத் திருத்திய கைகளை மறந்த பிழையையே மீண்டும் செய்தவராவோம்.